போய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வரும் இரைப் படகு: வீட்டிலேயே கட்ட முழு வழிகாட்டி

மீனுக்கான இரையைத் தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வரும், ரிமோட்டில் ஓடும் சின்னப் படகுதான் இரைப் படகு. நான் கட்டிய முதல் இரைப் படகு பார்க்க அழகாக இருந்தது. பெயின்ட், விளக்கு, பின்னால் நீர் பீய்ச்சும் அளவுக்கு வேகம் எல்லாம் உண்டு. மூன்றாவது நடையில், கரையிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் போனபின் சட்டென்று நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டது. அன்று மாலை முழுக்கக் கரையில் உட்கார்ந்து, காற்று அதை எந்தப் பக்கம் தள்ளப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் ஒன்றும் கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இரண்டாவது படகில் ஒவ்வொரு பாகத்தையும் வாங்கும்போது ஒரே கேள்விதான் கேட்டேன்: இது படகைத் திரும்பக் கொண்டுவருமா? இங்கே சொல்லப்போவது அந்தப் படகின் கதை. ஒன்றரைக் கிலோ இரையையும், முள்ளோடு கூடிய தூண்டில் நரம்பையும் 150 மீட்டர் தூரம் கொண்டுபோய் இறக்கிவிட்டு வரும் எளிய இரட்டை உடல் படகு அது.

முதலில் ஒன்று. நீங்கள் மீன் பிடிக்கும் நீர்நிலையில் இதுபோன்ற படகு விட அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் தடை இருக்கிறது. கட்டி முடித்தபின் தெரிந்தால் மனசு விட்டுப்போகும்.

முதல் படி: எடைக் கணக்கு

பைப்பை அறுப்பதற்கு முன் தாளும் பேனாவும் எடுங்கள். படகு எவ்வளவு நீரை விலக்குகிறதோ அவ்வளவு எடையைத்தான் தாங்கும். 110 மி.மீ. வெளிவிட்டமுள்ள பிவிசி பைப் ஒரு மீட்டருக்குச் சுமார் 9.5 லிட்டர் இடத்தை அடைக்கிறது. 80 செ.மீ. நீளத்தில் இரண்டு பைப் என்றால் 15 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். பாதி மூழ்கிய நிலையில் அது ஏழரைக் கிலோவைச் சுமக்கும். மீதிப் பாதி அலைக்கும் அவசரத்துக்குமான கையிருப்பு. அதைத் தொடாதீர்கள்.

என் படகின் கணக்கு இது. பைப்புகள் 1.9 கிலோ, மேல்தளப் பலகை 0.8, பேட்டரி 1.2, மோட்டார் இரண்டும் 0.6, பெட்டியும் மின்னணுப் பொருட்களும் 0.5, இரைப்பெட்டி 0.4, இரை 1.5. மொத்தம் 6.9 கிலோ. ஏழரைக்குள் அடங்கிவிட்டது. பைப்பின் சுவர் கனத்தைப் பொறுத்து எடை மாறும், அதனால் வாங்கியதும் தராசில் வைத்துப் பாருங்கள். கணக்கு மீறினால் பைப்பை 10 செ.மீ. நீட்டுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்துப் பாதி மூழ்கலில் கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடுதலாகத் தாங்கும்.

வேகம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீரைக் கிழித்துப் போகும் படகுக்கு அதன் நீளமே ஒரு வேகக் கட்டுப்பாடு. தான் எழுப்பும் அலையை அது எளிதில் தாண்ட முடியாது. 80 செ.மீ. படகுக்கு அந்த எல்லை நொடிக்குச் சுமார் 1.1 மீட்டர், அதாவது மனிதன் நடக்கும் வேகம். ஒல்லியான இரட்டை உடல் என்பதால் இதைக் கொஞ்சம் மீறலாம், ஆனால் அதற்கு மேல் பெரிய மோட்டார் போட்டால் அலைதான் பெரிதாகும், பேட்டரிதான் தீரும். இது மூட்டை சுமக்கும் வண்டி. பந்தயக் குதிரையாக்க நினைத்துத்தான் முதல் முறை ஏமாந்தேன்.

இரண்டாம் படி: உடல்

தெர்மகோலைச் செதுக்கி ஃபைபர் துணி ஒட்டியும் உடல் செய்யலாம். அழகாக வரும், ஆனால் பாலியெஸ்டர் ரெசின் தெர்மகோலைக் கரைத்துவிடும். எபாக்ஸிதான் போட வேண்டும். உப்புத்தாள் தேய்த்தே ஒரு வாரம் போய்விடும். முதல் படகுக்குப் பைப்பே போதும்.

ஒவ்வொரு பைப்பின் முன்முனையிலும் 45 டிகிரி எல்போ ஒன்றை மேல்நோக்கி ஒட்டி, அதன் வாயை மூடியால் அடைத்துவிடுங்கள். அலையின் மேல் ஏறும் மூக்கு தயார். பின்முனையை மூடுவதற்கு முன், வாய் இறுக மூடிய காலி பிளாஸ்டிக் பாட்டில்களை உள்ளே தள்ளுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் சரியாகப் போகும். பைப்பில் விரிசல் விழுந்து நீர் புகுந்தாலும் பாட்டில்கள் படகை மிதக்க வைக்கும். தெர்மகோல் துண்டுகளைப் போடலாமே என்று தோன்றும், ஆனால் பைப் ஒட்டும் பசையின் ஆவியே அதைத் தின்றுவிடும். பசை போடும் முன் இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்துக்கொள்ளுங்கள். ஒட்டியபின் ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

மொத்த அகலம் 40 செ.மீ. வருமாறு பைப்புகளை வைத்தால் நடுவே 18 செ.மீ. இடைவெளி கிடைக்கும். மேலே 6 மி.மீ. பிவிசி ஃபோம் பலகை. ப்ளைவுட் என்றால் எல்லா ஓரத்தையும் எபாக்ஸியால் பூசுங்கள், இல்லாவிட்டால் ஒரே சீசனில் உப்பிவிடும். பலகையைப் பைப்போடு இணைக்கத் திருகாணி வேண்டாம். பைப்பில் போடும் ஒவ்வொரு துளையும் நாளைக்கு ஒரு ஒழுக்கு. பைப்பைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப்பைப் போட்டு, அதன் காதுகளைப் பலகையில் போல்ட் செய்யுங்கள்.

மூன்றாம் படி: மோட்டாரும் காத்தாடியும்

பொம்மைப் படகுகளில் மோட்டார் உள்ளே இருக்கும், தண்டு குழாய் வழியாக வெளியே வரும். அந்தக் குழாயில் கிரீஸ் அடைக்க வேண்டும், தண்டை நேர்க்கோட்டில் பொருத்த வேண்டும், எப்போதாவது நீர் ஒழுகும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்று நான் பில்ஜ் பம்ப் மோட்டார்களை எடுத்தேன். பெரிய படகுகளின் அடியில் சேரும் நீரை இறைக்கும் 12 வோல்ட் பம்ப் அது. உறையைக் கழற்றினால் முழுக்க அடைக்கப்பட்ட, நீருக்குள்ளேயே ஓடும் மோட்டார் கிடைக்கும். அதன் தண்டில் பொருந்தும் இணைப்பி வைத்து 40 மி.மீ. மூன்று இதழ் காத்தாடியை மாட்டலாம். காத்தாடி இரண்டும் எதிரெதிர் திசையில் சுழலும் ஜோடியாக இருக்கட்டும். ஒரே திசை என்றால் படகு ஒரு பக்கமே இழுக்கும்.

சுக்கான் தேவையில்லை. இடது மோட்டார் வேகமாக ஓடினால் படகு வலப்புறம் திரும்பும். ஒன்று முன்னே, மற்றது பின்னே ஓடினால் நின்ற இடத்திலேயே சுற்றும். உடையக்கூடிய ஒரு பாகமும் குறைகிறது. ஒரு மோட்டார் செத்தாலும் வட்டமடித்து, கோணல்மாணலாகவாவது கரைக்கு வரலாம். எனக்கு இது ஒரு முறை கைகொடுத்திருக்கிறது.

மோட்டார்களைப் பின்பக்கத்தில், இரு பைப்புகளின் உட்புறமாக, பலகையிலிருந்து இறங்கும் தகட்டில் பொருத்துங்கள். எவ்வளவு ஆழம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒன்றரைக் கிலோ இரையைக் கொட்டியதும் இந்தப் படகு எட்டு ஒன்பது மி.மீ. மேலெழும். சுமையோடு இருக்கும்போது காத்தாடி நீர்மட்டத்தை ஒட்டியிருந்தால், திரும்பும்போது அது காற்றை விழுங்கி வீணாகச் சுற்றும். கரையில் நிற்கும் உங்களுக்குச் சத்தம் மட்டும் கேட்கும், படகு நகராது. அதனால் சுமையோடு மிதக்கும்போது காத்தாடியின் நடுப்புள்ளி நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருக்குமாறு வையுங்கள். சுற்றிலும் துருப்பிடிக்காத கம்பி வலையால் ஒரு கூண்டும் போடுங்கள். பாசியை முழுதாகத் தடுக்காது, ஆனால் நரம்பைத் தடுக்கும்.

நான்காம் படி: மின்சாரம்

ஈய அமில பேட்டரி மலிவு, ஆனால் 12 வோல்ட் 7 ஆம்ப்-மணி ஒன்றே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அதில் பாதியைத்தான் நிம்மதியாகச் செலவழிக்கலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 12.8 வோல்ட் 10 ஆம்ப்-மணி பேட்டரி சுமார் 1.2 கிலோதான். எனக்கு இதுதான் சரிப்பட்டது.

இரண்டு மோட்டாரும் சேர்ந்து 6 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 10 ஆம்ப்-மணியில் எட்டைப் பயன்படுத்தினால் 80 நிமிட ஓட்டம். 150 மீட்டர் போய்வர ஐந்து நிமிடம், நிறுத்தி இறக்க ஒன்றிரண்டு நிமிடம். ஆக, பத்துப் பன்னிரண்டு நடை. இந்த பேட்டரியில் ஒரு குணம் உண்டு: தீரும் தறுவாய் வரை 13 வோல்ட்டை ஒட்டியே காட்டிவிட்டுத் திடீரென்று விழும், உள்ளேயிருக்கும் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டிக்கும். என் முதல் படகு நின்றது இப்படித்தான். வோல்ட்டைப் பார்த்து ஏமாறாமல் நேரத்தைக் கணக்கு வையுங்கள். ஒரு மணி நேர ஓட்டம் முடிந்தால் பேட்டரியை மாற்றிவிடுவது என் வழக்கம்.

ஒவ்வொரு மோட்டாருக்கும் முன்னும் பின்னும் ஓட்டக்கூடிய தனித்தனி பிரஷ்டு ஈஎஸ்சி, அதாவது இந்த வகை பிரஷ் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சுற்று, வேண்டும். அதன் மேல் எழுதியிருக்கும் வோல்ட் எல்லையைப் பாருங்கள். பல சின்ன ஈஎஸ்சிகள் 12.6 வோல்ட் வரைதான் தாங்கும், நம் பேட்டரியோ சார்ஜ் முடிந்த கையோடு 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். 16.8 வோல்ட் வரை தாங்குவதை வாங்கினால் கவலையில்லை. மேலே 320 ஆம்பியர் என்று போட்டிருப்பதையெல்லாம் நம்ப வேண்டாம், நமக்கு இருபது தாங்கினாலே தாராளம்.

ஈஎஸ்சியிலிருந்து, ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவருக்குப் போகும் மூன்று வயரில் சிவப்பு 5 வோல்ட் கொடுக்கும். இரண்டு ஈஎஸ்சியும் ஒரே நேரத்தில் கொடுத்தால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். நான் இரண்டின் சிவப்பு வயரையும் பிளக்கிலிருந்து உருவி டேப் சுற்றிவிட்டு, பேட்டரியின் வோல்ட்டைக் குறைத்து 5 வோல்ட் 3 ஆம்பியர் தரும் தனி பிஇசி ஒன்றைப் போட்டேன். இரைப்பெட்டியைத் திறக்கும் சின்ன மோட்டாரான சர்வோ திணறும்போது ரிசீவருக்கு வோல்ட் குறைந்து அது அணைந்து எழும் தொல்லையும் அதோடு போய்விட்டது.

பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. பிறகு ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ஃபியூஸ்: தொட்டியில் ஓடும்போது இழுக்கும் மின்னோட்டத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. பாசி சுற்றி ஒரு மோட்டார் நின்றால் அந்த ஃபியூஸ் மட்டும் போகும், மற்றது உங்களைக் கரைசேர்க்கும். மோட்டார் வயர்களுக்கு இடையே 104 என்று அச்சிட்ட சின்ன செராமிக் கெப்பாசிட்டரைப் பற்றவைத்தால் ரேடியோவில் இரைச்சல் குறையும்.

இதெல்லாம் உட்கார, ரப்பர் வளையமும் நான்கு பக்கக் கொக்கியும் உள்ள உணவு டப்பா போதும். மூடி கண்ணாடிபோல் தெரிவதாக இருந்தால் உள்ளே நீர் வந்ததா என்று திறக்காமலே பார்க்கலாம். வயர்கள் பக்கவாட்டில், வயரை இறுக்கிப் பிடித்து நீரைத் தடுக்கும் கேபிள் கிளாண்ட் வழியாக நுழையட்டும். நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், வயரில் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். டப்பாவையும் பேட்டரியையும் முன்பக்கத்தில் வையுங்கள், பின்னாலிருக்கும் மோட்டார்களுக்கு அதுதான் எதிரெடை.

ஐந்தாம் படி: ரேடியோ

2.4 கிகாஹெர்ட்ஸ், 6 சேனல் ரிமோட், அதாவது ஆறு கட்டளைகளைத் தனித்தனியாக அனுப்புவது, போதும். ஃப்ளைஸ்கை ஐ6 போன்ற பொம்மை விமான ரிமோட்டில் எலிவான் என்ற கலப்பு வசதி இருக்கும். அதை இயக்கினால் ஒரே குச்சி இரண்டு மோட்டாரையும் சேர்த்து ஆளும். முன்னே தள்ளினால் படகு சுற்றுகிறதா? ஒரு சேனலைத் தலைகீழாக்குங்கள். இடம் வலம் மாறுகிறதா? ரிசீவரில் இரண்டு பிளக்கையும் இடம் மாற்றிக் குத்துங்கள். பத்து நிமிடம் குழம்பி எல்லாச் சேர்க்கையையும் முயன்றபின் சரியாகிவிடும், எல்லோருக்கும் அப்படித்தான்.

ஃபெயில்சேஃப் அமைக்காமல் படகை நீரில் விடவே கூடாது. சிக்னல் அறுந்தால் இரண்டு மோட்டாரும் நிற்க வேண்டும். படகைக் கட்டையின் மேல் தூக்கி வைத்து, மோட்டாரை ஓடவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். ஓரிரு நொடியில் நிற்கவில்லை என்றால் அமைப்பு தப்பு. ஆன் செய்யும்போது முதலில் ரிமோட், பிறகு படகு. அணைக்கும்போது முதலில் படகு.

தூரம் குறைவதற்குப் பெரும்பாலும் ரிமோட் காரணமில்லை, நீர்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நீரில் நுழையாது. 200 மீட்டர் தூரத்தில், பாதி வழியில் அந்த அலைக்குச் சுமார் இரண்டரை மீட்டர் ஆரத்துக்குத் திறந்த வெளி தேவை. நம் படகோ நீரோடு ஒட்டிக்கிடக்கிறது. ஆகவே ரிசீவரின் ஆன்டெனாவைப் பிளாஸ்டிக் குழாயில் செருகிப் பலகைக்கு மேல் 30 செ.மீ. உயரத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். கார்பன் ஃபைபர் குழாய் அலையை மறைக்கும், வேண்டாம். நீங்களும் எழுந்து நின்று ரிமோட்டை நெஞ்சுக்கு மேல் பிடியுங்கள். நாற்காலியில் சாய்ந்து ஓட்டியவர் எழுந்து நின்றதும் போன சிக்னல் திரும்பியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: இரைப்பெட்டி

படகின் நட்டநடுவில், இரு பைப்புகளுக்கு இடையே, 15-க்கு 20 செ.மீ. அளவில் 8 செ.மீ. ஆழமுள்ள பெட்டி. இரண்டு லிட்டருக்கு மேல் கொள்ளும். நடுவில் வைப்பதால், கொட்டியபின் மூக்கு தாழாது, வாலும் தூக்காது.

அடிக்கதவு இரட்டைக் கதவாக, இருபக்கச் சுவர்களில் கீல் போட்டதாக இருக்கட்டும். திறந்து தொங்கும்போது கதவுகள் படகு போகும் திசைக்கு இணையாக நிற்கும், நீர் அவற்றைப் பிடித்து இழுக்காது. குறுக்கே கீல் போட்டு நான் செய்த முதல் பெட்டி, திறந்ததும் நங்கூரம் போட்டதுபோல் படகை நிறுத்தியது. ஒரு கதவு மற்றதைக் கீழிருந்து ஒரு செ.மீ. தாங்கிப் பிடிக்கட்டும். தாங்கும் கதவை மட்டும் பின்பக்கத்தில் ஒரு கம்பி பூட்டியிருக்கும். சைக்கிள் ஸ்போக் 2 மி.மீ. கனம், துருப்பிடிக்காதது, இதற்கென்றே செய்ததுபோல் பொருந்தும். எம்ஜி996ஆர் போன்ற உலோகப் பல் சர்வோ அந்தக் கம்பியை உருவினால் இரை தன் எடையாலேயே விழும். எடையைச் சுமப்பது கம்பி, சர்வோ இழுக்க மட்டும்தான் செய்கிறது. இதை மாற்றி, சர்வோவின் கையே கதவைத் தாங்குமாறு செய்தால் போகும் வழியெல்லாம் அது முனகிக்கொண்டே மின்சாரம் தின்னும்.

தூண்டில் நரம்பை இரைப்பெட்டிக்குள் போடவே போடாதீர்கள். பெட்டி காத்தாடிக்கு முன்னால் இருக்கிறது, நரம்பு அங்கிருந்து விழுந்தால் போய்ச் சேருமிடம் காத்தாடிதான். பலகையின் பின்விளிம்பிலிருந்து, காத்தாடிகளைத் தாண்டி 15 செ.மீ. நீளும் ஒரு கை வைத்து, நீருக்கு 20 செ.மீ. மேலே அதன் நுனியில் இரண்டாவது ஸ்போக் கம்பியைப் பொருத்துங்கள். ஈயக்குண்டின் வளையம் அதில் மாட்டியிருக்கும், முள் குண்டோடு சேர்ந்து தொங்கும். ஒரே சர்வோ இரண்டு கம்பியையும் இழுக்கலாம்: ரிமோட்டின் மூன்று நிலை சுவிட்ச் நடுவில் வந்தால் இரைப்பெட்டி திறக்கும், கடைசிக்குப் போனால் குண்டு விழும். இரண்டாவது கம்பிக்கு அந்தக் கூடுதல் தூரத்தை விட்டுப் பொருத்தினால் போதும்.

ஏழாம் படி: தொட்டி, பிறகு கயிறு, பிறகுதான் ஏரி

பெரிய தொட்டியில் இரைக்குப் பதில் மணல் பையை வைத்து மிதக்க விடுங்கள். பலகையின் மேல் ரசமட்டம் வைத்து, சமமாகும் வரை பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அரை மணி நேரம் அப்படியே விட்டு, தூக்கிப் பைப்பைக் குலுக்கிக் காதை வைத்துக் கேளுங்கள். சளசளவென்றால் ஒட்டு சரியில்லை.

முதல் முறை நீர்நிலைக்குப் போகும்போது 30 மீட்டர் மெல்லிய கயிறு கட்டியே ஓட்டுங்கள். நேராக ஓட்டினால் ஒரு பக்கம் இழுக்கும், இரண்டு மோட்டார் ஒருநாளும் ஒத்துப்போகாது. ரிமோட்டில் குச்சிக்குப் பக்கத்திலிருக்கும் ட்ரிம் பொத்தானில் சரிசெய்யுங்கள். கயிறில்லாமல் ஐம்பது, நூறு என்று கூட்டிக்கொண்டே போங்கள். காற்று கரையிலிருந்து வெளியே வீசும் நாளில் சோதனை வேண்டாம். கரையை நோக்கி வீசினால், நின்றுபோன படகை அதுவே கொண்டுவந்து தரும்.

இறக்கும்போது செய்ய வேண்டியது: ரீலைத் தளர்த்தி, கோலின் நுனியை உயர்த்திப் பிடித்து, நரம்பு நீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் வருவதற்கு இரண்டு மூன்று மீட்டர் முன்பே மோட்டாரை நிறுத்தி வழுக்கிப் போகவிடுங்கள். இரையைக் கொட்டி, குண்டை விட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். குண்டு நரம்பைக் கீழே இழுத்துக்கொள்ளும். அப்புறம் மெதுவாக முன்னோக்கிக் கிளப்பி, காற்று வரும் பக்கமாக அகலமாகத் திரும்பி, நரம்பைக் குறுக்கே தாண்டாமல் வாருங்கள். ரிவர்ஸ் எடுத்தால் காத்தாடி நரம்பைச் சுற்றிக்கொண்டுதான் விடும்.

போன இடத்துக்கே மறுபடி மறுபடி போக வேண்டுமென்றால் ஆர்டுபைலட் ரோவர் மென்பொருளோடு ஒரு தானோட்டிப் பலகையும் ஜிபிஎஸ்ஸும் சேர்க்கலாம். அதில் படகுக்கென்றே தனி வகை இருக்கிறது, இடது வலது மோட்டார்களுக்கு அதன் அமைப்பில் கொடுக்க வேண்டிய வேலை எண் 73, 74. சிக்னல் அறுந்தால் தானாகவே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பவும் சொல்லலாம். ஜிபிஎஸ் இரண்டு மூன்று மீட்டர் தள்ளித்தான் நிற்கும், திசைகாட்டியை மோட்டார் வயருக்குப் பக்கத்தில் வைத்தால் படகு குடித்தவன்போல் நடக்கும். கையால் ஒரு சீசன் ஓட்டிவிட்டு இதற்குப் போங்கள்.

படகு நடுவில் நின்றால் நீந்திப் போகாதீர்கள். பாசிக்கொடி காலைச் சுற்றும், குளிர்ந்த நீர் மூச்சை அடைக்கும், படகு நீங்கள் நெருங்க நெருங்க நகரும். கனமான நரம்புடன் ஒரு கோலைத் தனியாக வைத்துக்கொண்டு, தக்கையும் மும்முள்ளும் கட்டிப் படகுக்கு அப்பால் வீசி மெல்ல இழுங்கள். ஆன்டெனாக் குழாயிலோ பின்கையிலோ மாட்டும். எட்டாவது வீச்சில்தான் எனக்கு மாட்டியது. பலகையின் மேல் உங்கள் தொலைபேசி எண்ணைப் பெயின்ட்டால் எழுதி வையுங்கள், அடியில் வேண்டாம், கவிழ்த்துப் பார்க்க எல்லோருக்கும் தோன்றாது.

வீட்டுக்கு வந்ததும் நல்ல நீரில் கழுவி, காத்தாடியைக் கழற்றித் தண்டில் சுற்றிய நரம்புத் துணுக்குகளை எடுத்துவிடுங்கள். தலைமுடிபோல் ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, மோட்டாரின் சீலை அறுப்பது அதுதான். டப்பாவின் மூடியை இரவு முழுக்கத் திறந்தே வையுங்கள்.